கொலாபாவில் மழை, குர்லாவில் வெள்ளம்

கேள்வி: மக்கள் தொடர்பு வேலைக்கு நல்ல பேச்சும் எழுத்தும் இருந்தால் போதாதா? (வாசகர், குர்லா)

பதில்: போதாது. மும்பை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 2005 ஜூலை 26 தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தென்மும்பையின் கொலாபாவில் சுமார் 73 மட்டுமே. மித்தி ஆறு கரைமீறி உங்கள் குர்லாவை மூழ்கடித்தபோது, மாநகராட்சிக்கும் மத்திய ரயில்வேக்கும் தலைமையகம் உள்ள தென்மும்பையில் அது வழக்கமான மழைநாள்தான். அங்கே ஜன்னல் வழியே பார்த்து எழுதும் அறிக்கை எத்தனை அழகாக இருந்தாலும் பயனற்றது. ஆகவே மக்கள் தொடர்பு அதிகாரியின் முதல் திறமை, வெளியே நடப்பதை உள்ளே கொண்டுவருவது. அதற்குக் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ஓர் இடம் வேண்டும். கேட்பதைப் புரிந்துகொள்ளும் தொழிலறிவும் வேண்டும். எழுத்து அதன் பிறகுதான்.

அது பொறியாளர் வேலை அல்லவா என்பார்கள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதைப் பொறியாளர் சொல்வார். அலுவலகத்தில் இருப்பவர் கிளம்பலாமா, இரவு அங்கேயே தங்குவதா என்பதை மராத்தியிலும் இந்தியிலும், தாராவிக்குத் தமிழிலும் சொல்வது வேறு வேலை. உறுதியாகாததைச் சொன்னால் பீதி பரவும் என்ற வாதம் கொஞ்சம் கனமானது. ஆனால் அந்த மழைக்கு இரண்டு நாள் கழித்து ஜூஹு பக்கத்து நேரு நகரில், அணை உடைந்தது, சுனாமி வருகிறது என்ற வதந்தியிலேயே மக்கள் ஓடி, நெரிசலில் பலர் மாண்டார்கள். ‘அணை பத்திரமாக இருக்கிறது’ என்று அங்கே நம்பும்படி சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்த நம்பிக்கையை வெள்ளத்துக்கு முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.