கடலோர மண்ணில் புதிய நுண்ணுயிர்: கண்டறிவதும் வகைப்படுத்துவதும்

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கம்போங் ராஜாவில் வளர்ந்த மாணவருக்குச் சீன வகைத் தேயிலையையும் அசாம் வகைத் தேயிலையையும் பிரித்தறிவது கடினமன்று. முன்னதன் இலை சிறியது. பின்னதன் இலை பெரியது. நுண்ணுயிர்களை இப்படி உருவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது. நுண்பெருக்கியின் கீழ் எத்தனையோ இனங்கள் ஒன்றுபோலவே தோன்றும். அப்படியானால், ஒரு நுண்ணுயிரைப் ‘புதிய இனம்’ என்று எவ்வாறு உறுதிசெய்வது?

இதற்கு நம் பகாங் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலையிலிருந்து இறங்கிக் கிழக்குக் கடற்கரைக்குச் சென்றால், குவாந்தானை ஒட்டித் தஞ்சோங் லும்பூர் அலையாத்திக் காடு இருக்கிறது. அதன் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா ஒன்றுக்கு, மலேசிய மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் புளூரிபோட்டென்ஸ்’ என்று பெயர் சூட்டினர். இத்தகைய ஆய்வின் படிநிலைகளைக் காண்போம்.

முதலாவது, தூய வளர்ப்பு. மண்ணை நீரில் கரைத்து, பலமுறை நீர்த்து, அகார் தட்டில் பரப்புவர். தனித்து வளரும் கூட்டத்தை எடுத்து மீண்டும் மீண்டும் வளர்ப்பர்.

இரண்டாவது, மரபணு ஒப்பீடு. 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு எல்லாப் பாக்டீரியாக்களிலும் உண்டு. சுமார் 1,500 எழுத்துகள் கொண்டது. அறியப்பட்ட இனங்களோடு ஒப்பு 98.7 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால், அது புதிய இனமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் தஞ்சோங் லும்பூர் பாக்டீரியா தன் நெருங்கிய உறவினங்களோடு ஏறக்குறைய 99 விழுக்காடு ஒத்திருந்தது. இந்த ஒரு மரபணுவோடு நின்றிருந்தால் முடிவு கிடைத்திராது.

மூன்றாவது, முழு டி.என்.ஏ. ஒப்பீடு. டி.என்.ஏ. கலப்புச் சோதனையில் ஒப்பு 70 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அது தனி இனம். இந்தப் பாக்டீரியா அந்த எல்லைக்குக் கீழேயே நின்றது. இன்று முழு மரபணுத்தொகுதிகளைக் கணினியில் ஒப்பிடுகின்றனர். அங்கு எல்லை 95 முதல் 96 விழுக்காடு.

நான்காவது, இயல்புச் சோதனை. செல்சுவரின் வேதிக் கூறுகள், கொழுப்பு அமிலங்கள், தாங்கும் உப்பு, வெப்பம் ஆகியவற்றைப் பதிவுசெய்வர்.

ஐந்தாவது, பெயரும் வைப்பும். பெயரை முறைப்படி வெளியிடுவதோடு, உயிருள்ள மாதிரியை இரு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். அப்போதுதான் உலகின் எந்த ஆய்வுக்கூடமும் அதைப் பெற்றுச் சரிபார்க்க முடியும்.

இவ்வளவு உழைப்பு வெறும் பெயருக்காகவா? இல்லை. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்து இதே பேரினத்திலிருந்து கிடைத்ததுதான். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இன்று மருத்துவமனைகளை அச்சுறுத்துகிறது. அக்கிருமியைத் தடுக்கும் பொருளைப் புளூரிபோட்டென்ஸ் உருவாக்குவது ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. அது மருந்தாக நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆனால் பெயரும் மாதிரியும் இருப்பதால் அப்பயணத்தை யாரும் தொடரலாம். அலையாத்திக் காட்டை அழித்தாலோ, பெயர் பெறாத உயிர்கள் அந்த வாய்ப்போடு சேர்ந்தே மறையும்.

அறிவியல் பயிலும் மாணவ நண்பர்களே! இந்த ஐந்து படிகளும் கடற்கரைக்கு மட்டும் உரியவை அல்ல. கம்போங் ராஜாவின் தேயிலைச் செடிக்கு அடியிலுள்ள மண்ணுக்கும் இவையே பொருந்தும்.