எரியாத திரவம், அறியாத ஆபத்து

1972ஆம் ஆண்டில் பினாங்கு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்ட காலம் முதல், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆலைத் தொழிலை நாடிச் சென்றுள்ளனர். ஆலைக்குச் செல்வோர் அங்குள்ள இயந்திரங்களை அறிந்தால் மட்டும் போதாது. அங்குக் கையாளப்படும் இரசாயனப் பொருள்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றான 'டிரைகுளோரோஎத்திலீன்' என்னும் கரைப்பானைப் பற்றி நாம் இங்குக் காண்போம். சுருக்கமாக இதனை டி.சி.இ. என்பர்.

இயல்புகள்

இது நீரைப்போல் நிறமற்றது, இனிய மணமுடையது. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. ஒரு லிட்டர் டி.சி.இ.யின் எடையோ ஏறக்குறைய 1.46 கிலோ. 87 பாகை செல்சியசில் கொதிக்கும். எனினும், மூடாமல் வைத்தால் சாதாரண வெப்பத்திலேயே விரைந்து ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானது. பெட்ரோலைப்போல் இஃது எளிதில் தீப்பற்றாது. இக்கடைசி இயல்பே இதற்குப் பெருமை தேடித் தந்தது. அதுவே பலரை ஏமாற்றியும் விட்டது.

பயன்கள்

எண்ணெய், கிரீஸ், மெழுகு ஆகியவற்றை டி.சி.இ. நொடியில் கரைத்துவிடும். ஆகவே, உலோகப் பாகங்களைத் துப்புரவு செய்ய இது நெடுங்காலமாகப் பயன்பட்டது. ஆழமான தொட்டியின் அடியில் இதனைக் கொதிக்க வைப்பர். எழும் ஆவி தொட்டியை நிரப்பும். மேற்பகுதியிலுள்ள குளிர்நீர்க் குழாய்கள் அது வெளியேறாமல் தடுக்கும். எண்ணெய் படிந்த பாகத்தை உள்ளே தொங்கவிட்டால், ஆவி அதன்மேல் குளிர்ந்து துளிகளாகி அழுக்கையும் கரைத்துக்கொண்டு வடியும்.

தீங்குகள்

ஒரு காலத்தில் மருத்துவர்கள் இதன் ஆவியை மயக்க மருந்தாகப் பயன்படுத்தினர். அவர்கள் அளந்து கொடுத்தனர். தொழிற்கூடத்தில் அளப்பவர் யார்? முதலில் தலைவலியும் தலைச்சுற்றலும் தோன்றும். பின்னர்த் தள்ளாட்டம், மயக்கம். அளவு மிகுந்தால் இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிரே பிரியலாம். மணம் எச்சரிக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. சற்று நேரத்தில் மூக்கு அம்மணத்திற்குப் பழகிவிடும்.

கனமான ஆவி குழிகளிலும் தொட்டிகளின் அடியிலும் தேங்கும். திரவம் வடிக்கப்பட்டு வெறுமையாகத் தோன்றும் தொட்டியில் ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். இத்தகைய விபத்துகளில் இரண்டாமவரைக் கொல்வது அவரது நல்லெண்ணமே.

பற்றவைப்பு வேலையின் கடும் வெப்பம் பட்டால் இந்த ஆவி சிதைந்து, 'பாஸ்ஜீன்' என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகலாம். நீண்டகாலம் சுவாசித்தால் கல்லீரலும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். இது மனிதருக்குச் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024 டிசம்பரில் இதனைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கலத்தின் மேலுள்ள முத்திரையைப் படித்தறிக. மார்பில் நட்சத்திரம் போன்ற குறியுடைய மனித உருவம், உடல்நலத்திற்குக் கடுந்தீங்கு உண்டு என்பதைக் காட்டும்.

2. நாம் பால் வெட்டி எடுக்கும் இரப்பரே இத்திரவத்தில் ஊறிப் பருத்துவிடும். எனவே, சாதாரண இரப்பர்க் கையுறை போதாது. இதற்கென உரிய கையுறையைக் கேட்டுப் பெறுக. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

3. அனுமதியும், காற்றுச் சோதனையும், வெளியே காவலுக்கு ஓர் ஆளும் இன்றித் தொட்டியில் இறங்கலாகாது. உள்ளே ஒருவர் விழுந்தால் தாமும் இறங்காமல் உதவிக்குக் குரல் கொடுக்க, 999க்கு அழைக்க.

4. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரை நாடுக. விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது.

5. எஞ்சியதைக் கால்வாயிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. இது நிலத்தடி நீரில் கலந்து நெடுங்காலம் தங்கும்.

6. காலிக் கலத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து தண்ணீர் பிடித்து வைத்தல் அறவே கூடாது.

சட்டம் தரும் காப்பு

வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. உடனடி ஆபத்து உண்டு என்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதனை அகற்ற முதலாளி நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். இவ்வுரிமை 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. நோயுற்றவர் தாம் கையாண்ட இரசாயனத்தின் பெயரை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். தொழிலால் வந்த நோய் என்று உறுதியானால் சொக்சோ இழப்பீடு கோர அது துணைபுரியும்.

தீப்பற்றாதது என்பதால் தீங்கற்றது என்று எண்ணலாகாது. இதனை ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இன்றே எடுத்துரைப்போமாக.