நாய் சொறிகிறதா? சோற்றுத் தட்டையும் பாருங்கள்

சுகாதாரப் பக்கத்தில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், தோழர்களே. லயத்தில் இராக் காவலுக்கு நாயை நம்பித்தானே நம்மில் பலர் தூங்குகிறோம்? அது விடிய விடியச் சொறிந்து, ரோமம் கொட்டி, புண்ணாகி நின்றால் "சொறிநாய், விரட்டிவிடு" என்பார் ஒருவர். "கறுப்பெண்ணெய் பூசு" என்பார் இன்னொருவர். லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத் தயவுசெய்து பூசாதீர்கள். நாய் அதை நக்கும். வயிற்றுக்குள் போனால் விஷம். செடிக்கு அடிக்கும் பூச்சி மருந்தும் அப்படித்தான்.

அரிப்பு என்றால் முதல் சந்தேகம் பூச்சி மேல். வாலடியையும் இடுப்பையும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். காது ஓரத்திலும் முழங்கையிலும் ரோமம் போய்ப் பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சி. இது ஆளுக்கும் தொத்தும். நாயைத் தூக்கும் பிள்ளைக்குக் கையிலும் வயிற்றிலும் சிவப்பாகப் பொரிந்திருக்கிறதா, பாருங்கள். மிருக டாக்டர் தோலைச் சுரண்டிச் சோதிப்பார். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் சிலசமயம் மருந்து கொடுத்துப் பார்ப்பார். புண்ணில் சீழோ பூஞ்சையோ இருந்தால் அதையும் ஆற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் அரிப்பு வருடம் முழுக்க நிற்கவில்லையா? பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி சீழ் பிடிக்கிறது, ஆசனவாயைத் தரையில் தேய்க்கிறது என்றால் சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கலாம். "அஞ்சு வருஷமா இதைத்தானே திங்குது, இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். பலகாலம் தின்று பழகிய உணவுதான் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகும். நாய்களுக்கு அதிகம் தகராறு செய்வது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை.

இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் நம்ப முடியாது, காசுக்குக் கேடு. நம்பகமான சோதனை உங்கள் அடுப்பங்கரையில்தான் நடக்கிறது. நாய் இதுவரை ருசி பார்க்காத ஒரு மாமிசம், ஒரு கிழங்கு, அவ்வளவுதான். கோழி எலும்பும் சோறுமாக வளர்ந்த நாய்க்குக் காட்டுப்பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொடுக்கலாம். மீனே தின்னாத நாய் என்றால் ஈயக்குட்டைத் திலாப்பியாவை முள் எடுத்துப் போடலாம். நன்றாக வேகவையுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. குட்டியாகவோ சினையாகவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இந்தச் சாப்பாட்டில் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து போதாது.

இப்படி 8 வாரம். கஷ்டம் சமையலில் இல்லை, காவலில்தான். பிள்ளைகள் மைலோவில் நனைத்த பிஸ்கட்டைத் தூக்கிப் போடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா பாவப்பட்டு எலும்பு வைப்பார். அவிழ்த்துவிட்டால் நாயே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். ஒரு வாய் போனாலும் செய்த வேலை வீண். ஆகவே கட்டி வையுங்கள், லயத்தில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரைகளும் உண்டு. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அரிப்பு எப்படி இருக்கிறது என்று நாள்காட்டியில் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

அரிப்புத் தணிந்துவிட்டதா? பலரும் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மழையோ மருந்தோகூடத் தணித்திருக்கலாமே! பழைய சாப்பாட்டை மறுபடி கொடுங்கள். பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அரிப்புத் திரும்பும். திரும்பினால்தான் உணவுதான் காரணம் என்று உறுதி. திரும்பாவிட்டால் காரணம் வேறு, தூசியாகவும் இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

உறுதியானதும் புது உணவுக்கே திரும்பி, நாய் அடங்கியபின் கோழி, மாட்டிறைச்சி, ரொட்டி என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் 2 வாரம் விட்டுச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் சொறிகிறதோ அதை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும், மற்றதை வழக்கம்போல் தின்னட்டும்.