நடுவர் நிற்கும் நிலை

கொரட்டூர்த் திடல்களில் விடுமுறை நாட்களில் நம் இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அங்கே நடுவராக நிற்பவரும் தீர்ப்பளிப்பவரே என்பதை நாம் உணர வேண்டும்.

கோபத்திலிருக்கும்போது இருவரிடையே தீர்ப்புக் கூறலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வெளியிலிருந்து ஏளனம் செய்வோருக்கு நடுவர் மறுமொழி சொன்னால், அக்கோபம் அடுத்த தீர்ப்பில் புகுந்துவிடும். அங்கே மௌனமே சிறந்தது.

பயிற்சியாளரின் நிலை வேறு. கடன் கொடுத்த ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கடுமையாகப் பேசியபோது தோழர்கள் சினந்தனர். உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டென்று கூறி நாயகம் அவர்களைத் தடுத்தார்கள். வாங்கியதைவிட மேலான ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். எனவே, அணிக்காகக் கேட்கும் பயிற்சியாளரை இடைவேளையில் செவிமடுத்து, விதியை மெல்லச் சொல்லலாம். அதன்பின் வாதம் வேண்டாம். அவரைச் சமாதானப்படுத்த அடுத்த தீர்ப்பை அவர் பக்கம் சாய்ப்பது அநீதி.

ஆட்டக்காரரே தீர்ப்பை எதிர்த்தால் 2017இல் வந்த 42ஆம் விதி இருக்கிறது: அணித்தலைவரை அழைத்து எச்சரிக்கை, அவ்வணியினர் மீண்டும் அவ்வாறு செய்தால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள். குரலை உயர்த்தத் தேவையே இல்லை.

பிறரை ஏளனம் செய்வதைத் திருமறை தடுக்கிறது. திடலோரம் நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் நமக்கும் அது பொருந்துமன்றோ? அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக!