பிள்ளை கையில் இருபது ரூபாய்

"காசு இல்லன்னா என்னம்மா, ஸ்கேன் பண்ணு" என்று உன் சின்னவன் சொல்கிறான் என்றாயே, அவன் மேல் தப்பே இல்லை. போனை நீட்டினால் பால் பாக்கெட் வருகிறது. பணம் குறைவதை அவன் பார்த்ததே இல்லையே! அதனால் வாரத்தில் ஒரு நாளாவது அவன் கண்முன் ரொக்கம் கொடுத்து வாங்கு.

முதலில் சில்லறையைத் தரையில் கொட்டி, 1, 2, 5, 10, 20 என்று பிரிக்க விடு. 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம், விரலால் தடவி எண்ணட்டும். புது 10 ரூபாய் நோட்டின் பின்னால் கோனார்க் சக்கரம், 50-இல் ஹம்பி கல்தேர். நோட்டின் பின்னால் இருக்கிற மொழி வரிசையில் தமிழ் எங்கே என்று தேடச் சொல்லு, அரை மணி நேரம் ஓடிவிடும்.

அடுத்தது கடை. மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போ. அவன் கையில் 20 ரூபாய் கொடு. விலையை அவனே கேட்கட்டும், மீதியை அவனே எண்ணி வாங்கட்டும். தடுமாறினாலும் கையிலிருந்து பிடுங்காதே. முதல் கடையிலேயே எல்லாவற்றையும் மிட்டாய்க்குக் கொடுத்துவிட்டு, அடுத்த கடையில் பலூனுக்கு அழுவான். அங்கேதான் நீ உறுதியாக நிற்கணும். திட்ட வேண்டாம், "அப்பவே சொன்னேன்ல" வேண்டாம். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இரு, பர்ஸை மட்டும் திறக்காதே. தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவை. அடுத்த வாரம் அவனே இரண்டு கடையையும் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பான்.

பர்ஸில் பணத்தை வைத்துக்கொண்டு "காசில்லை" என்று சொல்லாதே. "இது கரன்ட் பில்லுக்கு எடுத்து வெச்சது" என்று உள்ளதைச் சொல்லு, அவனுக்குப் புரியும். தட்டைக் கழுவினால், மார்க் வாங்கினால் காசு என்ற பழக்கமும் வேண்டாம். வீட்டு வேலை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் உள்ளது.

மண் உண்டியல் அழகுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி போலத் தெரிகிற டப்பாதான் நல்லது, காசு ஏறுவது கண்ணுக்குத் தெரியணும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரியவர்கள் கொடுக்கும் காசு அதில் போகட்டும். ஆட்டோவுக்குச் சில்லறை இல்லையென்று அவனைக் கேட்காமல் அதில் கை வைக்காதே. கேட்டு எடுத்தால், சொன்ன நாளில் அவன் கையாலேயே திருப்பிப் போட வை. கடன் என்றால் என்ன என்று வேறு எப்படியும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது.

டப்பாவுக்கு அடுத்தது கணக்கு. உன் பாப்பாவுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்றால் பத்து வயசுக்குள் தொடங்கிவிடு, வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். உன் பெரியவனுக்குத்தான் பத்து வயசு முடிந்துவிட்டதே, தபால் நிலையத்தில் 500 ரூபாயில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அவனே நடத்தலாம். போவதற்கு முன் ஒரே மாதிரி கையெழுத்துப் போடப் பழக்கு. மாற்றிப் போட்டால் பணம் எடுக்கும்போது கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.