சிறு விமானத்தில் நல்ல காற்று: ஒரு பராமரிப்புப் பாடம்



கெட்ட காற்று என்ன செய்யும் என்பதை வாணியம்பாடியில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார் என்ற செய்தியைப் பாலாற்றங்கரை ஊர்களில் கேட்டு வருந்தியிருக்கிறோம். அந்த வாயுவுக்காவது அழுகிய முட்டை நாற்றம் உண்டு. நிறமும் மணமும் இல்லாத இன்னொரு வாயுவைச் சிறு விமானங்களில் எப்படி வெளியே நிறுத்துகிறார்கள் என்பதே இம்மாதப் பாடம்.

வேலூர் அப்துல்லாபுரம் விமானத்தளத்தில் முன்பு சென்னைப் பயிற்சி விமானங்கள் வந்து இறங்கியதுண்டு. அவற்றைப் போன்ற சிறு விமானங்கள்தாம் சாலையில்லாத மலைநாடுகளில் நோயாளிகளைச் சுமக்கின்றன. 1945-ல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப், பப்புவா நியூ கினியாவில் 1951 முதல் இத்தொண்டைச் செய்துவருகிறது.

சுடுகாற்று எங்கிருந்து வருகிறது?

டீக்கடைப் பாய்லரை நினைத்துக்கொள்வோம். நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். தண்ணீர் சுடுகிறதே தவிர நெருப்பைத் தொடுவதில்லை. ஒற்றை எஞ்சின் கொண்ட பல சிறு விமானங்களில் இதே ஏற்பாடுதான். எஞ்சின் புகை போகும் சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டு உறை இருக்கும். வெளிக்காற்று அந்த உறைக்குள் புகுந்து, சூடாகி, குழாய் வழியாக விமானிகளின் அறைக்கு வருகிறது. அதில் ஒரு பங்கு முன்கண்ணாடியின் அடியில் வீசுகிறது.

நம் வெயிலுக்குச் சுடுகாற்று எதற்கு என்று கேட்கலாம். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறைகிறது. எட்டாயிரம் அடியில் பறந்து குளிர்ந்த கண்ணாடி, ஈரமான பள்ளத்தாக்குக் காற்றுக்குள் இறங்கும்போது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல வியர்த்துவிடும். இறங்கும் வேளையில் விமானிக்குத் தரை தெரியாது. ஆகையால் கண்ணாடியைத் தெளிவாக்கும் சுடுகாற்று அவசியமே.

ஆனால் பாய்லரின் நடுக்குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீரில் சாம்பல் கலக்கும் அல்லவா? சைலன்சரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு சுடுகாற்றோடு அறைக்குள் வந்துவிடும்.

ஒரு விபத்து

2019 ஜனவரி 21 அன்று, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த பைப்பர் மாலிபு விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தது. அவருடைய ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்ஸைடு பிடித்திருந்தது. விமானியும் பெரும்பாலும் அந்த நச்சுக்கு உள்ளாகியிருப்பார் என்று பிரிட்டனின் விசாரணை அறிக்கை 2020-ல் கூறியது. வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி அந்த விமானத்தில் இல்லை.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

1. சைலன்சர்: உறையைக் கழற்றாமல் செய்யும் சோதனை சோதனையே அல்ல. பற்றவைத்த இடங்களில் விரிசலோ சாம்பல் நிறக் கோடோ உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு மெல்லிய அழுத்தத்தில் காற்றேற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தடவினால், பஞ்சர் கடையில் காண்பதுபோல் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

2. காற்றுக் குழாய்கள்: துணியும் கம்பிச் சுருளும் சேர்ந்த இவை காலப்போக்கில் கிழியும், நசுங்கும். தொட்டுப் பார்த்து மாற்ற வேண்டும்.

3. திருகு குமிழும் கம்பியும்: 'மூடு' என்று தள்ளினால் அடைப்பான் உண்மையிலேயே முழுவதும் மூடுகிறதா என்று ஒருவர் குமிழை இயக்க, மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

4. தடுப்புத் தகடு: எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவேயுள்ள இத்தகட்டில் கம்பிகள் நுழையும் துளைகளும், கதவு ரப்பரும் இடைவெளியின்றி அடைபட்டிருக்க வேண்டும். சுடுகாற்றை மூடியிருந்தாலும் புகை இவ்வழியே வரக்கூடும்.

5. வெளிக்காற்றுத் துவாரங்கள்: நிறுத்தி வைத்த விமானத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும். ஆபத்தில் நம்மைக் காப்பாற்றுவது இந்தக் குளிர்காற்றுதான்.

6. கண்ணாடி: இது அக்ரிலிக். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். பெட்ரோலும் தின்னரும் ஆகாது. தண்ணீர் விட்டுக் கழுவி, மெத்தென்ற சாமாய்த் தோலால் ஒற்றி எடுக்கலாம். எண்ணெயில் பதனிட்ட தோலின் மென்மை தோல் ஊராருக்குத் தெரியாததா!

நம் நாட்டில் சுடுகாற்றுக் குமிழை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தொடாததால் அது நன்றாயிருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணியும் சைலன்சர் வெந்துகொண்டுதான் இருக்கிறது. பனிக்காலையில் முதன்முறையாகக் குமிழை இழுக்கும் நாளே ஆபத்தான நாள்.

பறக்கும்போது

புகை நாற்றம், தலைவலி, தூக்கக் கலக்கம், குமட்டல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே சுடுகாற்றை மூடி, வெளிக்காற்றை முழுவதும் திறந்து, ஆக்ஸிஜன் இருந்தால் சுவாசித்து, அருகிலுள்ள தளத்தில் இறங்க வேண்டும். நிறம் மாறும் அட்டையைவிட ஒலியெழுப்பும் கருவி மேல்; மயங்குகிறவர் அட்டையைப் பார்க்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில்

இவ்வாயு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. இரத்தசோகை உள்ள நோயாளி இன்னும் சீக்கிரம் தளர்வார். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் ஏமாந்துபோய்ச் சரியான அளவையே காட்டும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. தூய ஆக்ஸிஜன் கொடுப்பதே முதல் சிகிச்சை. சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும்; தூய ஆக்ஸிஜனில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

நமக்கு

நம்மிடம் விமானம் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸுக்கும் சைலன்சர் உண்டு. அதிலும் நோயாளி பின்னால் மூடிய அறையில் படுத்திருக்கிறார். ஏலகிரிக் குளிரில் கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் பாடம் ஒன்றே.

புது வண்டி வந்தால் மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். கழற்றிச் சோதித்த சைலன்சருக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆயினும் நோயாளி உயிரோடு வந்து சேர்வது அந்தச் சோதனையால்தான். இந்த வாரமே உங்கள் வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.