பூனைக்கு அஞ்சாத எலி

எலி அஞ்சுவதற்குப் பூனை நேரில் வரவேண்டியதில்லை. அதன் வாடையே போதும். வாடை பட்டதும் எலி அசையாமல் நின்றுவிடும். பிறகு அவ்விடத்தைவிட்டு விலகிவிடும். பல தலைமுறைகளாக ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்து, பூனையையே கண்டிராத எலிகளும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. இந்த அச்சம் பட்டறிந்து பெற்றதன்று, பிறவியிலேயே அமைந்தது.

மனிதரிடம் எலி காட்டும் அச்சமோ மாறக்கூடியது. நகரத்து எலிகள் ஆள் நடமாட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. உணவங்காடியில் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஓரமாக எலி ஓடுவதுண்டு. ஆனால், நேற்று இல்லாத பொறி ஒன்று இன்று அதன் வழியில் இருந்தால், அதே எலி சில நாள்கள்கூட அதை நெருங்காமல் இருக்கும். நாம் துணிச்சல் என்று எண்ணுவது பெரும்பாலும் பழக்கமே.

பிறவியிலேயே வந்த அச்சமும் நீங்குவதுண்டு. அதற்குக் காரணம் டோக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிரி உடலுறுப்புகள் பலவற்றில் வாழும். ஆனால், பூனையினத்தின் குடலில் மட்டுமே ஆண், பெண் அணுக்களாகி இனம்பெருக்கும். பூனையின் மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் உணவிலும் கலந்து, எலியின் உடலுக்குள் புகுந்து மூளையிலும் தங்குகிறது. அது மீண்டும் பூனையின் குடலை அடைய வேண்டுமானால், அந்த எலியைப் பூனை தின்ன வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அடைப்பு ஒன்றின் நான்கு மூலைகளில் எலியின் சொந்த வாடை, வெறும் நீர், முயலின் சிறுநீர், பூனையின் சிறுநீர் ஆகியவற்றை வைத்தனர். நலமான எலிகள் பூனையின் மூலையைத் தவிர்த்தன. ஒட்டுண்ணி புகுந்த எலிகளோ அங்கும் தயங்காமல் சென்றன. சில எலிகள் அம்மூலையையே நாடின.

அவற்றின் மோப்பசக்தி கெட்டுவிட்டதா? இல்லை என்று 2007இல் அஜய் வியாஸ் குழுவினர் காட்டினர். அவர் பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இவ்வாய்வைத் தொடர்ந்தார். ஒட்டுண்ணி புகுந்த எலிகளிடம் மோப்பமும் பிற அச்சங்களும் குறையவில்லை. பூனை வாடைக்கான அச்சம் மட்டுமே மறைந்திருந்தது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு ஆண் எலிகளின் மூளையை ஆராய்ந்தது. பெண் எலியின் வாடைக்கு விழித்தெழும் பகுதி, ஒட்டுண்ணி புகுந்த எலிகளிடம் பூனையின் வாடைக்கும் விழித்தெழுந்தது.